லீவு வேலைக்குப் போன பிள்ளை அவசரத்தில் ஏதோ செய்துவிட்டால்: என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளில் 22 வருடம் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்தவன் நான். ஏப்ரல் பிறந்தால் பிளஸ் டூ பரீட்சை முடித்த பிள்ளைகள் கூட்டமாக வேலை கேட்டு வருவார்கள். வைகாசி முகூர்த்தம் முடிவதற்குள் அவர்களில் நாலைந்து பேராவது எதையாவது செய்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். மறுநாள் அப்பாவோ அம்மாவோ கடை வாசலில் நிற்பார்கள். வேலையை விட்ட பிறகும் தெருவிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. விஷயம் போலீஸ் வரை போய்விட்டால் வக்கீலைப் பார்ப்பதுதான் சரி.

பையன் கோபத்துல பாதி வேலையில எழுந்து வந்துட்டான். இது பெரிய தப்பா?

நானும் எழுந்து வந்தவன்தான். 1994இல் பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு பாத்திரக்கடையில் சேர்ந்தேன். மாதம் 450 ரூபாய். பத்தொன்பதாம் நாள், வாடிக்கையாளர் முன்னால் முதலாளியின் மகன் என்னை ஒரு வார்த்தை சொன்னார். கையில் இருந்த பில் புத்தகத்தைக் கல்லா மேஜையில் வீசிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "டிபன் பாக்ஸ் எங்கடா?" அதைக் கடையிலேயே விட்டிருந்தேன்.

வேலையை விடுவது குற்றமே இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாது. பார்க்க வேண்டியது இரண்டு: எழுந்து வந்த நேரத்தில் அவன் பொறுப்பில் கல்லா, குடோன் சாவி, வாடிக்கையாளரின் பொருள் ஏதாவது இருந்ததா? இருந்தால் அது யார் கையில் போய்ச் சேர்ந்தது? முதலில் அதைக் கேளுங்கள். "ஏன்டா இப்படிப் பண்ணினே" என்பதை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

முதல்ல, எந்த வயசுல அனுப்பலாம்? எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம்?

14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. வீட்டார் நடத்தும் ஆபத்தில்லாத தொழிலில் பள்ளி நேரம் போகக் கூடமாட உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், பட்டாசு மாதிரி ஆபத்தான வேலைகளில் சேர்க்கக் கூடாது. 1986ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டதிலிருந்து இதுதான் நிலை.

நேரக் கணக்கைக் கேட்டால் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். இந்த வயதுக்காரர்களைத் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது, ஓவர்டைமும் கூடாது. முகூர்த்த சீசனில் காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்த பையன் இரவு ஒன்பதரைக்கும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தவன் நான். பார்த்தவன் என்ன, நிற்க வைத்தவனே நான்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 2021இல். அதற்கு முன்னால் உட்கார்ந்தால் திட்டுவதுதான் என் வேலையில் பாதி.

பிள்ளைகளின் அவசரக் காரியங்களில் பெரும்பாலானவை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நடந்தவை. காலையில் போணி ஆகும் நேரத்தில் யாரும் பில் புத்தகத்தை வீசியதில்லை.

சொல்லாம நின்னுட்டான், அதனால பார்த்த நாளுக்குச் சம்பளம் கிடையாதுன்னு சொல்றாங்க. சரியா?

சரியில்லை. பார்த்த நாளுக்குச் சம்பளம் வேறு, செய்த தப்பு வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவது கடைக்காரர்களின் பழைய வித்தை. பெற்றோரும் "தப்பு நம்ம பையன் மேல, எந்த முகத்தோட போய்க் கேக்கறது" என்று விட்டுவிடுகிறார்கள். கீழே வரும் பல பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டு நிறுத்தினாலும் தானாக விலகினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். பழைய 1936 சட்டத்தில் முதலாளி நிறுத்தினால்தான் இந்தக் கெடு. அபராதம் போடுவதற்கும் வரம்பு உண்டு: அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 15 வயது ஆகாதவருக்கு அபராதமே கூடாது. பொருள் சேதம் என்றால் சேதத்தின் அளவுக்குத்தான் பிடிக்கலாம். அதுவும் அவன் கவனக்குறைவால் வந்த சேதமாக இருக்க வேண்டும், அவன் பதிலைக் கேட்ட பிறகுதான் பிடிக்க வேண்டும்.

கணக்காகச் சொன்னால், மாதம் 9,000 ரூபாய் பேசியிருந்தால் நாளுக்கு 300. பத்தொன்பது நாளுக்கு 5,700. இடையில் வராத நாளைக் கழித்துக்கொள்ளட்டும். மீதி அவனுடையது.

நான் போய்க் கேட்கட்டுமா, அவனையே அனுப்பட்டுமா?

இரண்டு பேரும் போங்கள். பேசுவது அவனாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். என்ன பேசுவது என்று வீட்டிலேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகலாம்: "அண்ணே, அன்னைக்குச் சொல்லாமப் போனது என் தப்பு. இனிமே வேலைக்கு வர முடியாது. பார்த்த நாளுக்குக் கணக்கு முடிச்சுக் கொடுங்க." இவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை பேசினால் சண்டை ஆரம்பிக்கும்.

நேரம் முக்கியம். போணி ஆவதற்கு முன்னால் எந்தக் கடைக்காரரும் கல்லாவிலிருந்து காசு எடுத்துத் தர மாட்டார். விளக்கு வைத்த பிறகும் யோசிப்பார். முகூர்த்தத்துக்கு முதல் நாள் போனால் உங்களை ஏறிட்டுப் பார்க்கவே ஆள் இருக்காது. பகல் பன்னிரண்டு மணி வாக்கில், வெயிலுக்குக் கூட்டம் குறையும்போது போங்கள். தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். வேலை பார்த்ததற்குச் சாட்சியாக வருகை அட்டை, சம்பள விவரம் பேசிய வாட்ஸ்அப் செய்தி என்று எது இருந்தாலும் அழிக்காமல் வைத்திருங்கள்.

காய்ச்சல்னு சொல்லிட்டு அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்கப் போயிட்டான். ஸ்டேட்டஸ்ல போட்டோ போட்டு மாட்டிக்கிட்டான். வேலையை விட்டு எடுத்துருவாங்களா?

சித்ரா பௌர்ணமி அன்று மதுரையில் காய்ச்சல் வராத பையன் உண்டா என்ன! தல்லாகுளம் எதிர்சேவைக்கே பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும். என்னிடம் வேலை பார்த்த ஒருவன் அழகர் வேஷக்காரர் தண்ணீர் பீச்சுகிற படத்தைப் போட்டுவிட்டு, அதில் என்னையும் பார்வையாளராக விட்டுவைத்திருந்தான். மறுநாள் வந்து இருமி வேறு காட்டினான்.

இது வேலையை விட்டு எடுக்கும் அளவுக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு நாள் சம்பளம் போகும், அது நியாயம்தான். அவன் மறுநாள் காலையில் தானாக வந்து "திருவிழாவுக்குப் போனேன்" என்று சொல்லிவிட்டால் சிரித்துவிட்டு விடுவார்கள். இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்தால், அடுத்த முறை நிஜமாகவே காய்ச்சல் வந்தாலும் நம்ப ஆள் இருக்காது. டாக்டர் சீட்டு வாங்கிக் கொடுக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டார். வேண்டாம் அக்கா.

ஃப்ரெண்டுங்க வந்தாங்கன்னு ஸ்டாஃப் டிஸ்கவுண்டைப் போட்டுக் கொடுத்துட்டான். அது திருட்டா?

அவன் அப்படி நினைத்திருக்க மாட்டான், கடை அப்படித்தான் நினைக்கும். 1,200 ரூபாய் சட்டையை 900க்கு பில் போட்டால் 300 ரூபாய் கடைக்கு நஷ்டம். அவன் ஒரு பைசா தொடவில்லை என்பதால் நஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது.

தனியாக இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டான் என்பதை மட்டும் பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும். 2005இல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல வயதுக்காரர்களை ஒரு கார் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பக்கத்தில் நண்பர்கள் இருந்தபோது 13 முதல் 16 வயதுள்ள பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட அதிக ஆபத்தை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. நண்பன் "மச்சான், நீ இருக்கும்போது ஃபுல் ரேட்டா?" என்று கேட்கும் அந்த அரை நிமிடம் பையனுக்குப் பெரிய சோதனை. நாங்கள் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம்: தெரிந்தவர் வந்தால் பில்லை வேறு ஆள் போட வேண்டும். பையன்களுக்கே அது நிம்மதியாக இருந்தது. நண்பனிடம் கைகாட்ட ஒரு காரணம் கிடைத்தது.

இப்போது செய்ய வேண்டியது, வித்தியாசத் தொகையைக் கட்டிவிட்டு, எந்தெந்த பில் என்று அவனே சொல்வது. ஒன்றா, ஐந்தா என்று வீட்டில் முழுசாகக் கேட்டுக்கொண்டு போங்கள். ஒன்று என்று சொல்லி, பின்னால் நாலு கிளம்பினால் உங்கள் பேச்சும் போய்விடும்.

கஸ்டமர்கிட்ட என் நம்பருக்கு ஜிபே வாங்கிட்டேன். அப்புறம் கல்லாவுல போட்டுடலாம்னுதான் நினைச்சேன். இப்ப போட்டுட்டாப் போதாதா?

இதைக் கேட்டது ஒரு பையன். அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் வந்து கேட்டான். கடையின் கியூஆர் அட்டை வேலை செய்யவில்லை, கூட்டம் நெருக்கியது, "என் நம்பருக்கு அனுப்புங்க அக்கா" என்று சொல்லிவிட்டான். 640 ரூபாய். அன்று இரவே கல்லாவில் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாத சின்ன விஷயம். போன் ரீசார்ஜுக்கு அதில் கொஞ்சம் எடுத்துவிட்டான். மறுநாள் போடலாம் என்றால் முழுத்தொகை கையில் இல்லை. மூன்றாம் நாள் கணக்குப் பார்த்தபோது துண்டு விழுந்தது. எல்லோரும் கேஷியரைச் சந்தேகப்பட்டார்கள், இவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சும்மா கல்லாவில் போட்டுவிட்டு வருவது இப்போது போதாது. போட்டால், காசு கூடுதலாக வந்திருக்கிறதே என்று இன்னொரு குழப்பம் கிளம்பும், கேஷியர் மேல் விழுந்த சந்தேகமும் அப்படியே நிற்கும். முழுத்தொகையோடு முதலாளியிடமோ சூப்பர்வைசரிடமோ போய், தேதி, தொகை, எந்த வாடிக்கையாளர் என்று சொல்ல வேண்டும். போனில் அந்தப் பரிவர்த்தனை இருக்கும், அதைக் காட்டலாம். வாங்கியதற்கு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் கேஷியரைத் தனியாகப் பார்த்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். காசைக் கட்டியவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

சட்டத்தின் கண்ணில் இது சின்ன விஷயம் இல்லை. வேலைக்காரர் முதலாளியின் பொருளைத் திருடினாலும், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடினாலும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. "640 ரூபாய்தானே" என்று நீங்கள் முதலாளி முன்னால் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

போலீஸ்ல கொடுத்துருவேன்னு மிரட்டுறாங்க. பையனுக்கு இப்பதான் 17. ஜெயில்ல போட்டுருவாங்களா?

போட முடியாது. சம்பவம் நடந்த நாளில் 18 முடியாதவர் என்றால் 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டம்தான் பேசும். லாக்கப்பில் வைக்கவோ விலங்கு மாட்டவோ கூடாது. குழந்தை நல காவல் அலுவலர்தான் பார்ப்பார். விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நடக்கும். குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடம் என்று உள்ள கொடுங்குற்றங்களுக்குத்தான் எஃப்ஐஆர் பதிவார்கள். மற்றவற்றைக் காவல் நிலைய நாட்குறிப்பில் எழுதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். மேலே சொன்ன ஜிபே விஷயத்தில் அதிகபட்சம்தான் ஏழு, குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை. ஆனால் 18 தாண்டிய நண்பனோடு சேர்ந்து செய்ததாகப் புகார் வந்தால் எஃப்ஐஆர் பதியலாம். டிஸ்கவுண்ட் விஷயத்தில் கூட வந்த நண்பர்களின் வயதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். சம்பவ நாளில் பையனுக்கு 18 முடிந்து பத்து நாள் ஆகியிருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏப்ரலில் வேலைக்குச் சேரும் பிளஸ் டூ பிள்ளைகளில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இரண்டும் உண்டு.

20,000 தர்றேன்னு அவன்கிட்டயே எழுதி வாங்கிட்டாங்க. மார்க் ஷீட் ஒரிஜினலையும் தர மாட்டேங்கிறாங்க.

18 முடியாதவர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் செல்லாது. மோகரி பீபி வழக்கில், வெள்ளைக்காரன் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1903இலேயே சொன்ன தீர்ப்பு இது. கையெழுத்துப் போட்டது பையன் மட்டும் என்றால் அந்தத் தாளை வைத்துப் பணம் கறக்க முடியாது. நீங்களும் கீழே கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. கடைக்குப் பேசப் போகும் இடத்தில், எவ்வளவு பதற்றமாக இருந்தாலும், எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மார்க் ஷீட் அவனுடைய சொத்து. பிடித்துவைக்கக் கடைக்கு எந்த உரிமையும் இல்லை. கல்லூரி அட்மிஷன் நேரத்தில் அது கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும், அதனால்தான் பிடிக்கிறார்கள். திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நீங்களே காவல் நிலையம் போகலாம். பல இடத்தில் அந்தப் பேச்சை எடுத்ததுமே மார்க் ஷீட் மேஜைக்கு வந்துவிடும். அடுத்த தடவை சேர்க்கும்போது ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

முதலாளியே ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து பார்சலைக் கொடுத்துட்டு வாடான்னார். இவன் லைசென்ஸ் இல்லாம ஓட்டி இடிச்சுட்டான். யார் தப்பு?

ஓட்டத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை இவனுக்கு, டெலிவரி ஆள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் ஆசை அவருக்கு. "லைசென்ஸ் இல்ல அண்ணே" என்ற மூன்று வார்த்தை அந்த நேரத்தில் வாயில் வராது. வந்தால் மற்றவர்கள் முன்னால் சின்னப் பையன் ஆகிவிடுவோமே!

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 ஆகாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் பெற்றோர் தப்பலாம். சாவியைக் கையில் கொடுத்தவர் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் வண்டிச் சேதத்தைச் சம்பளத்தில் பிடிப்பேன் என்று அவர் சொன்னால், இந்தப் பிரிவை மெதுவாக நினைவுபடுத்துங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் கடைக்குள் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள்.

பொண்ணு. சூப்பர்வைசர் ஒரு மாதிரி பேசினார்னு அன்னைக்கே கிளம்பி வந்துட்டா. அவசரப்பட்டுட்டாளோ?

இல்லை. மற்ற கேள்விகளோடு இதைச் சேர்க்கவே கூடாது. கேட்டவர்கள் சேர்த்துக் கேட்பதால் இங்கே இருக்கிறது. உடனே கிளம்பி வந்தது அவள் செய்த சரியான காரியம். 18 வயதுக்குக் கீழே என்றால் பாலியல் நோக்கத்தோடு பேசினாலே போக்சோ சட்டத்தில் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். சம்பளத்தை வாங்க அவளை மறுபடி அந்த வாசலுக்குக் கூட்டிப் போகாதீர்கள், நீங்கள் போங்கள். "என்ன பேசினார், திரும்பச் சொல்லு" என்று வீட்டில் பத்துப் பேர் முன்னால் கேட்கவும் வேண்டாம்.

அடுத்த வருஷம் வேற கடையில "முன்ன எங்க இருந்தே, ஏன் விட்டே"ன்னு கேட்டா என்ன சொல்றது?

விளக்குத்தூணிலிருந்து மாசி வீதிகள் வரை எல்லாக் கடை சூப்பர்வைசர்களும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள். மறைத்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தெரிந்துவிடும். "கோபத்துல சொல்லாம வந்துட்டேன், அப்புறம் போய்ப் பேசிக் கணக்கு முடிச்சேன்" என்று சொன்ன பையன்களை நான் தயங்காமல் சேர்த்திருக்கிறேன். பணம் சம்பந்தப்பட்டது என்றால், கல்லாப் பக்கம் வேண்டாம், குடோனில் போடுங்கள் என்று அவனே கேட்டுக்கொள்ளலாம். குழும விசாரணை வரை போனவர்களுக்கும் அந்தத் தீர்ப்பால் பிற்காலத்தில் எந்தத் தகுதியும் பறிபோகாது என்று இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராக நடத்தி விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் அது பொருந்தாது.

நீங்க அன்னைக்கு எழுந்து வந்தது சரின்னு இப்பவும் நினைக்கிறீங்களா மாமா?

ஜிபே பையன்தான் இதையும் கேட்டான். வெளியே வந்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பில் புத்தகத்தை வீசியதுதான் உறுத்துகிறது. அது கார்பன் வைத்து எழுதும் காலம். வீசிய வேகத்தில் தைத்த நூல் அறுந்து, மூன்று நாள் பில்கள் தாள் தாளாகச் சிதறிவிட்டன. என்னைத் திட்டியவர் அவற்றைப் பொறுக்கவில்லை. கணக்குப்பிள்ளைத் தாத்தாதான் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து எண் பார்த்து அடுக்கியிருக்கிறார்.

மூன்றாம் நாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கணக்குப்பிள்ளை 285 ரூபாயை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மேஜைக்கு அடியிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வைத்தார். மூன்று நாள் ஆகியும் நாற்றம் இல்லை. கழுவி, கவிழ்த்து, காய வைத்திருந்தார்.